டப்ளினில் பத்து ஷில்லிங் கடன் கொடுத்தவர் அடையாறுக்கு வந்த கதை

(திரையில்: கோடு போட்ட நோட்டில் ஒரு கடன் கணக்கு)

ஓர் இளைஞன். பள்ளிக்கூட வாத்தியார். சம்பளம் கைக்கு வந்ததும் சந்தோஷப்படாமல், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறான். அதில் ஒரு வரி: கசின்ஸ், பத்து ஷில்லிங்.

இது ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’. அந்தக் கசின்ஸ் கற்பனை ஆள் இல்லை. நிஜமான ஐரிஷ் கவிஞர், பிற்பாடு நம்ம அடையாறுக்கே வந்து சேர்ந்தவர். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் வேண்டிய மட்டும் பின்னணி. நாவல் முழுக்க 1904 ஜூன் 16, ஒரே நாள். ஊர் டப்ளின். புத்தகம் வந்தது 1922-இல், பாரிஸில். அயர்லாந்துக்கு இலக்கிய நோபல் நாலு: யேட்ஸ், ஷா, பெக்கெட், ஹீனி. ஜாய்ஸுக்குக் கிடைக்கவில்லை. பின்னணி முடிந்தது.

ஆனால் ஆண்டுதோறும் ஊரே திரண்டு கொண்டாடுவது ஜாய்ஸைத்தான். ஜூன் 16 வந்தால் ‘ப்ளூம்ஸ்டே’. நாவலின் நாயகர் லியோபோல்ட் ப்ளூம் பெயரில் ஒரு திருவிழா. வைக்கோல் தொப்பியும் பழைய கோட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். காலையில் வறுத்த கிட்னி, ஏனென்றால் ப்ளூம் அதைத்தான் தின்றார். (அவர் அதை அடுப்பில் தீய விட்டு, கருகியதை வெட்டிப் பூனைக்குப் போட்டார். அந்தப் பகுதியை யாரும் கொண்டாடுவதில்லை.) மதியம் டேவி பைர்ன்ஸ் பப்பில் சீஸ் சாண்ட்விச், ஒரு கிளாஸ் ஒயின். ஸ்வெனி மருந்துக்கடையில் எலுமிச்சை வாசனை சோப்பு. அந்தக் கடை இன்றும் இருக்கிறது, மருந்துதான் விற்பதில்லை.

1954-இல் இதை ஆரம்பித்து வைத்ததே சில எழுத்தாளர்கள்தான். குதிரை வண்டி பிடித்து, நாவலில் வரும் இடங்களை எல்லாம் சுற்றி வருவதாகத் திட்டம். வழியில் பெய்லி பப் வந்தது. பயணம் அங்கேயே முடிந்தது. பல இலக்கியக் கூட்டங்களைவிட இது நேர்மையானது என்பது என் கட்சி.

சரி, கடன் பட்டியல். எனக்கு இந்த நாவலிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது. (முழுசாகப் படித்தாயா என்று கமென்டில் கேட்காதீர்கள், மூன்றாவது முயற்சி நடந்துகொண்டிருக்கிறது.) அந்த வாத்தியார் இளைஞன் பெயர் ஸ்டீபன். வாங்கிய சம்பளம் 3 பவுண்டு 12 ஷில்லிங் (அப்போது 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). முல்லிகன் என்ற நண்பனுக்கு மட்டும் பாக்கி ஒன்பது பவுண்டு, மூன்று ஜோடி காலுறை, கொஞ்சம் டை. டெம்பிள் என்பவனுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு! வீட்டுக்காரம்மாவுக்கு ஐந்து வாரத் தங்கல், சாப்பாட்டுப் பணம். மொத்தப் பட்டியலையும் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். காலுறையையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டாலே 25 பவுண்டு 17 ஷில்லிங் 6 பென்ஸ். ஏழு சம்பளத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் தீராது.

பட்டியலில் ரஸ்ஸல் என்று ஒருவர் வருகிறார். அவரும் நிஜக் கவிஞர், புனைபெயர் ‘ஏ.ஈ.’ பிறகு ஓர் இடத்தில் ஸ்டீபன் அவரை நினைத்துக்கொண்டே ஆங்கில உயிரெழுத்துகளைச் சொல்கிறான்: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. சேர்த்துக் கேளுங்கள். “ஏ.ஈ., ஐ ஓ யூ.” ஏ.ஈ., உமக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்! அரிச்சுவடியிலேயே கடன் பத்திரம் எழுதிவிட்டான் பாவி.

இப்போது கசின்ஸ். 1904 ஜூனில் கைக்காசு இல்லாத ஜாய்ஸ், ஜேம்ஸ் கசின்ஸ் - மார்கரெட் தம்பதியின் வீட்டில் சில நாள் ஒண்டியிருந்தார். இருவரும் சுத்த சைவம். கிட்னி தின்னும் ப்ளூமைப் படைத்தவர் அந்த வீட்டில் எத்தனை நாள் தாங்குவார் சொல்லுங்கள். 1912-இல் எழுதிய ஒரு வசைக்கவிதையில் கசின்ஸின் கவிதைகளையும் சேர்த்துக் கிழித்தார். சோறு போட்ட வீடு!

1915-இல் அன்னி பெசன்ட் அழைக்க, தம்பதி சென்னைக்கு வந்தார்கள். கசின்ஸ் பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் வேலை பார்த்தார். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் 1916-இல் நடந்த ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி எழுதினார், வேலை போயிற்று. அப்புறம் மதனப்பள்ளியில் கல்லூரி வேலை.

மார்கரெட்டைப் பற்றித் தனி வீடியோவே போடலாம். இசை படித்தவர். 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1919-இல் மதனப்பள்ளிக்கு வந்த தாகூர் ‘ஜன கண மன’ பாட, அதற்குச் சுரக்குறிப்பு எழுதி வைத்தவர் இவர்தான். பின்னாளில் வேலூர் சிறையிலும் இருந்தார். வேண்டும் என்றால் கமென்டில் ‘மார்கரெட்’ என்று போடுங்கள், அடுத்த வாரமே செய்கிறேன்.

அந்தப் பத்து ஷில்லிங்? நாவலில் ஸ்டீபன் பட்டியலில் ஒருவருக்கும் தம்பிடி கொடுக்கவில்லை. அன்று ராத்திரிக்குள் சம்பளத்தில் பாதிக்கு மேல் குடியிலும் கூத்திலும் போய்விடுகிறது. மிச்சம் 1 பவுண்டு 7 ஷில்லிங். அதையும் தொலைத்துவிடப் போகிறானே என்று ப்ளூம் வாங்கி வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு கோப்பை கோகோ கொடுத்து, பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுக்கிறார்.