சேர்ச்சிலின் வீடும் சீனன்குடாக் குதமும்

வணக்கம் நேயர்களே.

லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் திருகோணமலைக்காரர்களுக்கு ஒரு வழமையான சுற்று உண்டு. ஈலிங் கனகதுர்க்கை அம்மன், ஹைகேட் முருகன், அப்புறம் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஒரு படம். அதோடு கென்ட் பக்கம் இருக்கும் சார்ட்வெல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சிலின் வீடு அது. இப்போது நூதனசாலை.

1922இல் 5,000 பவுணுக்கு வாங்கியிருக்கிறார், மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஈரம் ஊறிய பழைய வீடு. அம்மையாருக்குப் பிடிக்கவே இல்லை. பணமுடை வந்து விற்கப் பார்த்தபோது நண்பர்கள் சேர்ந்து வாங்கி, பழைய வீடுகளைப் பராமரிக்கும் நஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பிடம் கொடுத்து, சாகும்வரை நீங்களே இருங்கள் என்று விட்டார்கள். அவர் 1965இல் காலமாக, அடுத்த வருடமே வீடு பொதுமக்களுக்குத் திறந்தது.

எனக்குப் பிடித்தது அவருடைய எழுத்தறை. நின்றபடியே வாசிக்கவும் திருத்தவும் சாய்வான உயர மேசை ஒன்று இருக்கிறது. இரவு வெகுநேரம்வரை அறைக்குள் அங்குமிங்கும் நடந்தபடி இவர் சொல்லச் சொல்ல, செயலாளர்கள் எழுதுவார்களாம். வெளியே தோட்டத்தில் ஒரு செங்கல் மதில். அதில் பெரும்பகுதி அவர் கையாலேயே கட்டியது. 1928இல் மேசன்மாரின் தொழிற்சங்கத்திலும் சேர்ந்தவர். கிட்டப் போய்ப் பார்த்தேன். வரிசை பெரிய ஒழுங்கில்லை, நம்மூர் மேசன் பாஸ் ஒருவர் பார்த்தால் தலையைச் சொறிவார். பொன்மீன் தொட்டியடியில் அவர் உட்கார்ந்து தீனி போட்ட இடத்தில் ஒரு கதிரை. செம்மஞ்சள் பூனை ஒன்றும் உண்டு. மார்பும் நான்கு பாதங்களும் வெள்ளையாக இருக்கும் அப்படியொரு பூனை எப்போதும் அங்கே வாழவேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். பெயர் ஜொக்.

ஆனால் போரைத் தேடி அங்கே போனால் ஏமாற்றம்தான். போர்க்காலத்தில் அந்த வீடு பெரும்பாலும் பூட்டித்தான் கிடந்தது. எதிரி விமானிக்கு அடையாளம் தெரியக்கூடாதென்று குளங்களைச் சுள்ளி போட்டு மூடியிருந்தார்கள்.

குளத்தை மூடலாம். எங்கள் துறைமுகத்தை எதைப் போட்டு மூடுவது? 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் குண்டு போட்ட ஜப்பானியர், 9ஆம் திகதி காலை திருகோணமலைக்கு வந்தார்கள். முன்கூட்டியே தகவல் வந்ததால் கப்பல்களை முதல் நாள் இரவே வெளியே அனுப்பியிருந்தார்கள். அப்படிப் போன ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டு மூழ்கியது. முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவில் ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்க் குதத்தின் மேலேயே வந்து விழுந்தது. ஏழு நாள் எரிந்ததாம். உருகி மடிந்த அந்த இரும்பு இன்னமும் அங்கே கிடக்கிறது. போர் என்றால் என்னவென்று அதைப் பார்த்தால் விளங்கும்.

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் யாரும் வீட்டுக்காரரின் பொல்லாப்பைச் சொல்வதில்லை. சார்ட்வெல்லும் ஏறக்குறைய அப்படித்தான். மதிலும் மீனும் பூனையும் பார்த்துவிட்டு வெளியே வருபவருக்கு, 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தபோது இந்த மனிதரின் அரசு எப்படி நடந்துகொண்டது என்ற கேள்வி எழ இடமில்லை. 2020இல் நஷனல் ட்ரஸ்ட் தன் பொறுப்பிலுள்ள வீடுகளுக்கும் காலனி ஆட்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சார்ட்வெல்லின் பெயரும் அதில் இருந்தது. அதற்கே அங்கே பெரிய கூச்சல். கூச்சல் போட்டாலும் அந்த அறிக்கை வந்தது சரியென்றுதான் நான் சொல்வேன்.

போகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் நேரத்தை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். அறைகளில் நிற்கும் தொண்டர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், வங்காளத்தைப் பற்றியும் கேளுங்கள். லண்டன் போக வசதியில்லாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் கடற்படை நூதனசாலைக்குப் போகலாம். ஒல்லாந்தர் காலத்து வீடு, கட்டடத்தைப் பார்க்கவே போகலாம். நன்றி, வணக்கம்.