ஞாயிற்றுக்கிழமைக் கிருபையும் திங்கட்கிழமை முயற்சியும்

(யாழ்ப்பாணத்தில் லெந்து காலக் [தவக்காலக்] கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் கோபத்தோடு ஒரு கேள்வி கேட்கிறார்: "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" தேவன் இலவசமாய்த் தந்த கிருபையில் தொடங்கியதைச் சொந்த முயற்சியால் முடிக்கப் பார்க்கிறீர்களா என்பதே அவர் கேள்வி. இது யாழ்ப்பாணத்துக்கென்றே எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நாம் முயற்சியை நம்பி வளர்ந்தவர்கள். தரம் ஐந்தில் புலமைப்பரிசில், பிறகு சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி. விடியற்காலையில் ரியூசனுக்குச் சைக்கிள் மிதித்த பிள்ளைகளால்தான் இந்த ஊர் தலைநிமிர்ந்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் நம்மோடு கூடவே ஆலயத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரட்சிப்பு கிருபையினாலே என்று ஞாயிறு அறிக்கையிடுகிறோம். திங்கட்கிழமை காலை ஜெபத்துக்கு எழும்பத் தவறினாலோ, ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எண்ணி, அன்று முழுவதும் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிகிறோம். வெள்ளிக்கிழமை உபவாசத்தை ஒழுங்காக முடித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உபவாசம் இருக்காதவரை நாம் பார்க்கிற பார்வையே வேறு!

ஜோன் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தொடங்கிய மெதடிஸ்த இயக்கத்தின் மிஷனரிமார் 1814இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். ஆகவே அவர் நமக்கு அந்நியர் அல்லர். ஒக்ஸ்போர்ட்டில் இளைஞராக இருந்தபோது புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைக்கைதிகளைச் சந்திப்பது, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நாட்குறிப்பில் கணக்கு என்று வாழ்ந்தவர். 1735இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்கு மிஷனரியாகப் போனார். 1738இல் மனம் உடைந்து திரும்பினார். மற்றவர்களை மனந்திருப்பப் போன என்னை யார் மனந்திருப்புவது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு மே 24ஆம் திகதி மாலை, லண்டன் அல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்டது. கிறிஸ்துவை மட்டுமே நம்பியிருக்கிறேன் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது.

இதுவரை எல்லாப் பிரசங்கிமாரும் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். எட்டு மாதம் நிறைவதற்குள், 1739 ஜனவரியில், "நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல" என்று அதே மனிதர் நாட்குறிப்பில் எழுதினார். அந்த அனல் தணிந்திருந்தது. ஆனாலும் அவரைப் பிடித்திருந்த கரம் விடவில்லை. 1791இல், 87 வயதில் இறக்கும்வரை அதிகாலையில் எழுவதையும், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பதையும் அவர் குறைத்துக்கொள்ளவும் இல்லை. முன்பு ஆண்டவரின் தயவைச் சம்பாதிக்க எழுந்தவர், பின்பு அதைப் பெற்றுக்கொண்டவராக எழுந்தார்.

இந்தக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் மாரியில் பெய்து சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கிய மழைநீர். கீழே கிடக்கிற கடல்நீரின் மேல் அது மிதந்துகொண்டிருக்கிறது. கோப்பாயிலோ நீர்வேலியிலோ தோட்டம் செய்கிறவர், துலா மிதித்த காலத்திலும் சரி, மோட்டர் வந்த பிறகும் சரி, பாடுபட்டே பயிர் செய்கிறார். ஆனாலும் தண்ணீரை உண்டாக்கியது தான்தான் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்லமாட்டார். மழை தந்ததற்கு மேலாக இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும். பக்தியுள்ள சிலரோடு கதைக்கும்போது அந்த உவர்ப்பை நான் உணர்ந்திருக்கிறேன். ஆலயத்தில் எல்லா வேலைக்கும் முதல் ஆளாக நிற்பார்கள். வீட்டிலோ அவர்களோடு ஒரு வார்த்தை பேசப் பிள்ளைகள் அஞ்சுவார்கள்.

'அப்படியானால் சும்மா இருந்துவிடலாமா?' என்று பின்வரிசையில் யாரோ நினைப்பது எனக்குக் கேட்கிறது. பவுல் சும்மா இருந்தாரா? "அவர்கள் எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்று எழுதுகிறார். எழுதிய கையோடு, "ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது" என்கிறார். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட நமக்கு அனுமதி இல்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். எல்லை வேலியை ஒரு முழம் தள்ளிப்போட்ட அண்ணனோடு ஆண்டுக்கணக்காகக் கதைக்காத தம்பி ஒருவர் இங்கே இருக்கக்கூடும். 'மன்னிக்க முயற்சி செய்யுங்கள்' என்று அவரிடம் சொன்னால், திருவிருந்து அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். அவ்வளவுதான் நடக்கும். பிலிப்பியர் நிருபமோ, "விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர்" தேவனே என்கிறது. செய்கை மட்டுமல்ல, விருப்பமும் அவரிடமிருந்தே வர வேண்டும். நம் அயலிலுள்ள சைவர்களுக்கு இது புதிதல்ல. இறைவனை வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே பாடி வந்தவர்கள் அவர்கள். நாம்தான் விருப்பம் நம்முடைய பங்கு என்று பிடிவாதமாக நிற்கிறோம்.

ஆகவே, தம்பி, உங்கள் ஜெபத்தை ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். 'ஆண்டவரே, மன்னிக்க எனக்கு மனமில்லை. மனம் வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை. அதையும் நீரே தாரும்.' இப்படி ஜெபிக்கலாமா என்று தயங்காதீர்கள், உள்ளதைத்தானே சொல்கிறீர்கள். பிறகு, நாளைக்கு அண்ணன் சைக்கிளில் கடக்கும்போது வீட்டுக்குள் போய்விடாமல் படலையடியில் நில்லுங்கள். வாயில் வார்த்தை வராவிட்டால் மறுநாளும் ஆண்டவரிடம் அதையே கேளுங்கள். வழக்கு நடப்பதென்றால் நடக்கட்டும். எல்லையை நில அளவையாளர் அளந்து சொல்லட்டும். அண்ணனோடு கதைப்பதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.