19 நிமிடம் நிற்காமல் ஓடும் பாட்டு: குளோரியா கெய்னரின் முதல் ஆல்பம்

(திரையில்: சுழலும் எல்பி இசைத்தட்டு, மிக நெருக்கத்தில் ஊசி)

எல்பி தட்டு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நெருக்கமான கோடுகளுக்கு நடுவே அங்கங்கே மெல்லிய வளையம் ஒன்று பளபளக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அது. ஊசி அங்கே வந்தால் இரண்டு மூன்று நொடி மௌனம். அப்புறம்தான் அடுத்த பாட்டு.

1975-இல் வந்த ஓர் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்த மௌனத்தையே எடுத்துவிட்டார்கள். மூன்றே மூன்று பாட்டு, சுமார் 19 நிமிடம், நடுவில் ஒரு நொடிகூட நிற்காது. ‘ஐ வில் சர்வைவ்’ பாடிய குளோரியா கெய்னரின் முதல் ஆல்பம் அது. பெயர் ‘நெவர் கேன் சே குட்பை’.

முன்கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நூவார்க் நகரத்துக்காரர். முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டாக வெளியிடும் சிறிய தட்டு, 1965-இலேயே வந்தது. முதல் ஆல்பத்துக்குப் பத்து வருடம் ஆனது. நடுவில் கிளப் கிளப்பாகப் பாடிக்கொண்டிருந்தார். ஆல்பத்தை வெளியிட்டது எம்ஜிஎம் ரெக்கார்ட்ஸ்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்த மௌனத்தை எடுத்தவர் யார்?

(திரையில்: கடற்கரைத் தீவு, இரவு, நடனக் கூடத்தின் விளக்குகள்)

டாம் மோல்டன் என்ற இசைக் கலவையாளர். நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்ட் தீவில் ஆட்டம் களைகட்டியிருப்பதைப் பார்த்தவர். அவர் கண்ணில் பட்டது ஒரே ஒரு குறை. பாட்டு சூடு பிடித்து, ஆடுகிறவர்கள் தங்களை மறக்கிற நேரத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறிய தட்டில் மூன்று நான்கு நிமிடம்தானே கொள்ளும்! அடுத்த பாட்டு வேறு வேகத்தில் வரும். கால் தடுமாறும், ஆட்கள் கலைந்து போவார்கள்.

மோல்டன் வீட்டில் உட்கார்ந்து, ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் நழுவிப் போகிற மாதிரி ஒரு டேப் தயாரித்தார். கம்ப்யூட்டர் கிடையாது. 45 நிமிட டேப்புக்கு அவருக்கு 80 மணி நேரம் பிடித்தது. யோசித்துப் பாருங்கள்: ஒரு நிமிட இசைக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேர உழைப்பு. இன்று ஃபோனில் ஒரு பொத்தானைத் தட்டினால் நடக்கிற வேலை இது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

அதே யோசனையை ஒரு பாடகியின் ஆல்பத்துக்கே கொண்டு வந்தார். ‘ஹனி பீ’, ‘நெவர் கேன் சே குட்பை’, ‘ரீச் அவுட், ஐ’ல் பீ தேர்’ என்று மூன்று பாட்டு. ஒவ்வொன்றையும் நீட்டினார். நீட்டியது எதை? பல்லவியை இன்னொரு முறை பாட வைக்கவில்லை. குரலை விலக்கிவிட்டு டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் வயலின்களையும் ஓடவிட்டார். கெய்னர் அதைக் கேட்டுவிட்டு, நான் அதிகம் பாடவே இல்லையே, மேடையில் அந்த நேரமெல்லாம் என்ன செய்வது என்று கேட்டாராம். ஆடக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது மோல்டனின் பதில். மோல்டனே பின்னாளில் சொன்ன கதை இது. ஒரு பாடகியாக அவருடைய மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. ஆனால் குரல் விலகியிருந்து திரும்பி வருகிற அந்த நொடி இருக்கிறதே, அதற்காகவே மொத்தத்தையும் கேட்கலாம்.

(திரையில்: இரண்டு இசைத்தட்டுகள், பக்கத்தில் பக்கத்தில்)

நடுப் பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கிளிஃப்டன் டேவிஸ் எழுதியது. 1971-இல் ஜாக்சன் சகோதரர்களின் ‘ஜாக்சன் 5’ குழு வெளியிட்டபோது, பாடிய மைக்கேல் ஜாக்சனுக்கு வயது 12. மெதுவாக, ஏக்கமாக, பிரிய மனமில்லாமல் தயங்கித் தயங்கிப் போகும் பாட்டு. கெய்னரிடம் அதே வரிகள் ஓட ஆரம்பிக்கின்றன. பேஸ் டிரம் ஒவ்வொரு அடிக்கும் ‘தும்’ என்று விழ, இரண்டு தும்முக்கு நடுவே திறந்த ஹைஹேட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தாளத் தட்டு) ‘ட்ஸ்’ என்று சீறும். தும்-ட்ஸ், தும்-ட்ஸ். சோகம் எங்கும் போகவில்லை. அந்தச் சோகத்தை வைத்துக்கொண்டே ஆட வைக்கிறார். விடைபெற முடியாத ஒருவரைப் பற்றிய பாட்டு, விடைபெறாமலே அடுத்த பாட்டுக்குள் போய்விடுகிறது! இதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பாட்டுக்கு வாய்க்காது.

சிங்கிளாக அமெரிக்காவில் 9-ஆம் இடம், பிரிட்டனில் 2-ஆம் இடம். அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் டிஸ்கோ பட்டியலில் முதன்முதலாக முதலிடம் பிடித்த பாட்டும் இதுதான்.

இரண்டாவது பக்கத்தில் வழக்கம்போல் தனித்தனிப் பாட்டுகள். நன்றாகவே இருக்கும், ஆனால் நான் ஊசியைத் தூக்கி மறுபடி முதல் பக்கத்துக்கே போகிறவன்.

தயாரிப்பாளர்களில் இருவரைப் பற்றி ஒரு வரி: மீகோ மொனார்டோ 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ இசையையே டிஸ்கோவாக்கி முதலிடத்துக்குக் கொண்டு போனார். டோனி பொஞ்சியோவி அதே வருடம் நியூயார்க்கில் ‘பவர் ஸ்டேஷன்’ ஸ்டூடியோவைத் தொடங்கினார்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, முதல் பக்கத்தை முழுசாகக் கேளுங்கள். ‘ஹனி பீ’ எந்த இடத்தில் முடிந்தது என்று உங்கள் கால் கண்டுபிடித்ததா? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.