எனக்கு வேணும்

நேயர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் என்றால் அமைதியாகக் காத்திருக்கும் காலம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது அமைதியாகத் தொடங்கி நான் பார்த்ததே இல்லை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எந்த ஆண்டானாலும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில்தான் வரும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடக்கிற நாள்களும் அவைதான். டிசம்பர் 3, இங்கே மறைபரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் நாள். அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பீடத்தில் குருவானவர் ஊதா உடுத்தி, உன்னதங்களிலே கீதத்தை நிறுத்தி, விழித்திருங்கள் என்று மறையுரை வைப்பார். வெளியே தேர், மேளம், வளையல் கடை, ராட்டினம். வந்தவர்களில் பாதிப்பேர் வேற்றுச் சமயத்தார், நேர்ச்சைக்கு வந்தவர்கள். இந்த இரைச்சலைக் குறைசொல்லும் பெரியவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான்.

சவேரியாரின் கடிதங்களைப் படித்த பிறகு அந்தக் குறையை விட்டுவிட்டேன். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், பத்துக் கட்டளை எல்லாவற்றையும் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் தன்னைச் செபிக்கவும் சாப்பிடவும் தூங்கவும் விடுவதில்லை என்று எழுதியிருக்கிறார். நோயாளிகள் வீட்டிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கூப்பிடும்போது, தனக்குப் பதிலாக அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் உட்காரவைத்துச் செபம் சொல்லிக்கொடுத்தார்கள். அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கிற குழுவை இன்றைக்கு அன்பியம் என்கிறோம்; அந்தச் சொல் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கடிதங்களில் ஒரு திருத்தம் வருகிறது. 1544-இல், தன் உடன் உழைப்பாளர் மான்சிலாஸுக்கு எழுதுகிறார்: விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ என்று இருக்கிற இடத்தில் ‘விசுவாசம்’ என்று சொல்லுங்கள், வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருளாம். அதாவது, கடற்கரை மக்கள் அதுவரை கடவுள் முன் கைகூப்பி நின்று, நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்புப் பிழைதான். திருத்தியதும் சரிதான். இருந்தாலும் எனக்கு அந்தப் பிழைமேல் ஒரு பாசம். எங்கள் அன்பியத்தில் 28 வீடு. மாதம் இரண்டு முறை ஒருவர் வீட்டில் கூடுவோம். வாசகம் வாசித்து முடித்ததும் ‘கருத்துகளைச் சொல்லுங்க’ என்பார் பொறுப்பாளர். மகனுக்கு விசா வேணும். வட்டிக்கடன் அடையணும். மகளுக்கு வரன் அமையணும். அவருக்குக் குடி நிற்கணும். 480 ஆண்டு போயும் நாங்கள் அதே சொல்லில்தான் நிற்கிறோம்.

பீடத்தருகே வைக்கிற திருவருகை வளையம்கூட ஒரு ‘வேணும்’-இலிருந்து வந்ததுதான். ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று என்று நாம் ஏற்றுகிற மெழுகுதிரிகளை ஏதோ ஆதித் திருச்சபை வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய விகெர்ன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கிவைத்தது அது. கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ என்று பிள்ளைகள் தினம் நச்சரிக்க, நாளுக்கு ஒரு திரி ஏற்றிக் காட்டினார். அங்கே அதைச் சுற்றி ஊசியிலைக் கிளை. எங்கள் கோயிலில் குரோட்டன்ஸ்.

2017-ஐச் சொல்லாமல் எங்கள் பகுதியில் திருவருகைக் காலத்தைப் பற்றிப் பேச முடியாது. நவம்பர் 30 வியாழக்கிழமை ஓக்கி புயல் அடித்தது. ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ படகுகள் திரும்பவில்லை. டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை, சவேரியார் நாள், திருவருகையின் முதல் ஞாயிறு, மூன்றும் ஒன்றாக வந்தன. அன்றைய நற்செய்தி மாற்கு 13-ஆம் அதிகாரம். வீட்டுத் தலைவர் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ எப்போது வருவார் என்று உங்களுக்குத் தெரியாது. கோயிலில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் பலர் மூன்று இரவாகக் கரையில் நின்றுவிட்டு வந்தவர்கள். வாசித்து முடித்த குருவானவர் மறையுரை வைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை ஒரு வீட்டுக்குச் செபமாலை சொல்லப் போனோம். இரண்டாம் காரணிக்கம், அதாவது இரண்டாம் பத்து மணி வரைக்கும் சொன்னோம். அந்தப் பெண் நிறுத்தச் சொன்னாள். “டீச்சர், எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணல. அவிய வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்.” நாங்களும் செபமாலையைக் கீழே வைத்துவிட்டு, இரவு முழுக்க அவளோடு அந்த ஒரு சொல்லையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவர் வந்தார். மகாராஷ்டிராக் கரையில் ஒதுங்கி, பல நாள் கழித்து. இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்காரர் வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே செபத்தைத்தான் சொன்னோம். இதற்கு விளக்கம் கேட்டு வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றான். முப்பது வருடமாக மறைக்கல்வி நடத்துகிறவள் நான். பதில் சொல்லாமல் அவனை உட்காரச் சொன்னேன். இன்றும் அவனுக்கு நான் பாக்கி.

அந்த இரண்டாவது வீட்டுப் பெண் ஒரு வருடம் கோயிலுக்கு வரவில்லை. யாரும் போய் வற்புறுத்தவில்லை. அன்பியத்தில் முறை வைத்து மீன் கொடுத்தோம், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினோம், சில நாள் சும்மா போய்த் திண்ணையில் இருந்துவிட்டு வந்தோம். அடுத்த ஆண்டு, மூன்றாம் திரி ஏற்றுகிற மகிழ்ச்சி ஞாயிறன்று கடைசி வரிசையில் வந்து நின்றாள். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அவள் வாய் அசையவில்லை. இப்போது அசைகிறது. என்ன சொல்கிறாள், வேணும் என்றா, விசுவசிக்கிறேன் என்றா, பின்னால் நிற்கிற எனக்குக் கேட்பதில்லை.

இந்தத் திருவருகைக் காலத்தின் முதல் அன்பியக் கூட்டம் அவள் வீட்டில். சனிக்கிழமை மாலை ஏழு மணி. பாய் போதாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு எடுத்துப் போக வேண்டும்.

வணக்கம்.