எழுபத்திரண்டும் எழுபத்தொன்பதும்

திருநெல்வேலி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இன்னும் நல்லது. இன்றைக்குக் காரணிகளையும் மடங்குகளையும் பற்றிப் பேசப் போகிறேன்.

பிள்ளைகளே, நம் ஊர் வண்டிகளில் டி.என். 72 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்காசி வண்டி என்றால் 76. சங்கரன்கோவிலுக்கு 79, தூத்துக்குடிக்கு 69, நாகர்கோவிலுக்கு 74. வண்ணார்பேட்டையில் கொஞ்ச நேரம் நின்றால் இவற்றில் முக்கால்வாசியைப் பார்த்துவிடலாம். இந்த ஐந்து எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பவைதான். ஆனால் குணத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

72 புளியமுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். ஒரு முத்துகூட மிஞ்சக் கூடாது. 8 வரிசை போட்டால் வரிசைக்கு 9. 6 வரிசை போட்டால் 12. 4 வரிசைக்கு 18, 3 வரிசைக்கு 24, 2 வரிசைக்கு 36, ஒரே வரிசை என்றால் 72. இந்த எண்கள் எல்லாமே 72-இன் காரணிகள். எண்ணிப் பாருங்கள், 1, 2, 3, 4, 6, 8, 9, 12, 18, 24, 36, 72 என்று பன்னிரண்டு வரும்.

இப்போது 79 முத்துகளை அடுக்குங்கள். இரண்டு வரிசை போட்டால் ஒன்று மிஞ்சும். மூன்று போட்டாலும் ஒன்று மிஞ்சும். ஐந்து போட்டால் நான்கு, ஏழு போட்டால் இரண்டு. என்ன செய்தாலும் ஒரே நீள வரிசையாகத்தான் அதை வைக்க முடியும். இப்படிப்பட்ட எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். அதற்கு 1-உம் அந்த எண்ணும் தவிர வேறு காரணி கிடையாது. 69-ஐயும் 74-ஐயும் 76-ஐயும் நீங்களே அடுக்கிப் பாருங்கள்.

79-ஐ 7 வரைக்கும் பார்த்துவிட்டு ஏன் நிறுத்தினேன்? 11, 13 எல்லாம் பார்க்க வேண்டாமா? வேண்டாம். காரணிகள் எப்போதும் ஜோடியாக வரும். 72-க்கு 8 என்றால் கூடவே 9, 6 என்றால் கூடவே 12. 79-க்கு ஒரு ஜோடி இருந்தால் அந்த இரண்டுமே 9-ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்க முடியாது, ஏனென்றால் 9-ஐ 9-ஆல் பெருக்கினாலே 81 ஆகிவிடுகிறது. ஆக, ஜோடியில் ஒன்றாவது 8-க்குள் இருந்தாக வேண்டும். 8-க்குள் இருக்கிற பகா எண்கள் 2, 3, 5, 7. இந்த நான்கும் வகுக்கவில்லை என்றால் வேலை முடிந்தது. 91-ஐப் பார்த்ததும் நிறையப் பேர் பகா எண் என்று எழுதிவிடுகிறார்கள். 7 வரைக்கும் பொறுமையாகப் போயிருந்தால் 7 பெருக்கல் 13 என்று பிடிபட்டிருக்கும்.

ஜோடி என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 36-இன் காரணிகளை எழுதினால் 6-க்கு ஜோடி அதே 6-தான். அதனால் 36-க்கு மொத்தம் ஒன்பது காரணிகள், ஒற்றைப்படை. வர்க்க எண்களுக்கு மட்டும்தான் இப்படி வரும். மற்ற எல்லா எண்ணுக்கும் காரணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வீட்டில் தாத்தாவோ ஆச்சியோ கேட்டுக்கொண்டிருந்தால் இப்போது சொல்வது அவர்களுக்கும் பழகிய கணக்கு. நம் பக்கத்தில் நெல்லைக் கோட்டைக் கணக்கில் சொல்வார்கள். வயலின் பரப்பையே ‘ஒரு கோட்டை விதைப்பாடு’ என்று சொல்வதும் உண்டு. ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். இன்னொரு அளவு கலம்; அதற்கு 12 மரக்கால். ஒரு கலம் நெல்லை இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 6 மரக்கால். மூன்று பேருக்கு நாலு நாலு, நாலு பேருக்கு மும்மூன்று, ஆறு பேருக்கு இரண்டிரண்டு. ஒரு கோட்டை நெல்லை இரண்டு பேருக்குப் பிரியுங்கள் பார்ப்போம். பத்தரை மரக்கால் வரும். நாலு பேருக்கு ஐந்தே கால். முழு மரக்காலாகப் பிரிய வேண்டும் என்றால் மூன்று பேர் வர வேண்டும், அல்லது ஏழு பேர் வர வேண்டும். 21 என்பது 12-ஐ விடப் பெரிய எண்தான். ஆனால் அதன் காரணிகள் 1, 3, 7, 21 என்று நான்கோடு நின்றுவிடுகின்றன. 12-க்கோ ஆறு. எண் பெரிதாக இருந்தால் காரணிகளும் அதிகமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கோட்டையையும் கலத்தையும் காட்டுங்கள்.

12-க்கு முன்னால் உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குச் சின்ன எண்கள் எல்லாவற்றையும் விட அதிகக் காரணிகள் வைத்திருக்கிற எண்களை ராமானுஜன் தனியாக எடுத்து ஆராய்ந்தார். கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1915-இல், அதைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 12-க்கு அப்புறம் 24, 36, 48, 60 என்று அந்த வரிசை போகும். 60-க்குப் பன்னிரண்டு காரணிகள். ஒரு மணி நேரத்தைப் பாதியாக, மூன்றில் ஒன்றாக, காலாக, ஐந்தில் ஒன்றாக, ஆறில் ஒன்றாக எப்படி வெட்டினாலும் முழு நிமிடம் கிடைக்கிறது அல்லவா, அதற்கு இதுதான் காரணம். 100-க்கு ஒன்பதே காரணிகள்தான். நம் 72-க்கும் பன்னிரண்டு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் 60 முந்திக்கொண்டுவிட்டது. 60-ஐத் தாண்டிப் போக 120 வரை காத்திருக்க வேண்டும். 120-க்குப் பதினாறு.

சரி, மடங்குகளுக்கு வருவோம். ஓர் எண்ணின் காரணி அந்த எண்ணைத் தாண்டாது. அதனால் பட்டியல் ஓரிடத்தில் முடிந்துவிடும். மடங்குகளுக்கு முடிவே கிடையாது. 8, 16, 24, 32 என்று போய்க்கொண்டே இருக்கும்.

நெல்லை ஜங்ஷனில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன், டவுனுக்கு 12 நிமிடத்துக்கு ஒரு பஸ், பாளையங்கோட்டைக்கு 8 நிமிடத்துக்கு ஒரு பஸ். காலை 6 மணிக்கு இரண்டும் ஒன்றாகக் கிளம்புகின்றன. மறுபடி எப்போது ஒன்றாகக் கிளம்பும்? அவசரமாக 12-ஐ 8-ஆல் பெருக்கி 96 நிமிடம் என்று எழுதிவிடாதீர்கள். 7.36-க்கும் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும், அது உண்மைதான். ஆனால் அதற்குள் மூன்று முறை சேர்ந்து கிளம்பியிருக்கும். 12-இன் மடங்குகளையும் 8-இன் மடங்குகளையும் எழுதினால் முதலில் இரண்டிலும் வருவது 24. அதுதான் மீச்சிறு பொது மடங்கு. மறுபடி சேர்வது 6.24-க்கு.

இங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பாடத்தில் மீச்சிறு பொது மடங்கு ஒரு பக்கத்திலும் மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டு எண்ணுக்கும் பொதுவான காரணிகளில் மிகப் பெரியது, இன்னொரு பக்கத்திலும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக வகுத்தல் முறையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அந்த இரண்டும் ஒரே இடத்தில் வேலை செய்வதைப் பார்க்க வேண்டாமா? பாளை பஸ் 6 மணிக்குப் பதில் 6.02-க்குக் கிளம்பட்டும். அப்புறம் 6.10, 6.18, 6.26, 6.34. டவுன் பஸ் 6.00, 6.12, 6.24, 6.36. எழுதிக்கொண்டே போங்கள். ராத்திரி வரை எழுதினாலும் இரண்டும் சேரவே சேராது.

ஏன்? 12, 8 இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 4. டவுன் பஸ் கிளம்பும் நிமிடத்தை 4-ஆல் வகுத்தால் எப்போதும் மீதி இல்லை. பாளை பஸ்ஸின் நிமிடத்தை 4-ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 2. மீதி வேறு வேறாக இருக்கும்போது எண் மட்டும் எப்படி ஒன்றாகும்? அதே பாளை பஸ் 4 நிமிடம் தாமதமாக, 6.04-க்குக் கிளம்பினால் 6.12-இல் டவுன் பஸ்ஸோடு சேர்ந்துவிடும். அப்புறம் 6.36, அப்புறம் 7 மணி. சேருமா சேராதா என்பதை மீப்பெரு பொதுக் காரணி சொல்கிறது. சேர்ந்தால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்பதை மீச்சிறு பொது மடங்கு சொல்கிறது. 4-ஐயும் 24-ஐயும் பெருக்கினால் 96; 12-ஐயும் 8-ஐயும் பெருக்கினாலும் 96. எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் இது பொருந்தும். வேறு நேரங்களை வைத்துச் செய்து பாருங்கள்.

நேரம் நெருங்குகிறது, வீட்டுக் கணக்கு ஒன்று தருகிறேன். நம் ஊர் முகவரிகளில் பின்கோடு 627 என்று தொடங்கும். 6, 2, 7 மூன்றையும் கூட்டினால் 15. 15-ஐ 3 வகுக்கும். அதனால் 627-ஐயும் 3 வகுக்கும். இலக்கங்களைக் கூட்டினால் ஏன் தெரிந்துவிடுகிறது? நூறு என்பது 99-உம் 1-உம், பத்து என்பது 9-உம் 1-உம். 99-களையும் 9-களையும் 3 மிச்சமில்லாமல் வகுத்துவிடும். மீந்து நிற்பது அந்த 6, 2, 7 மட்டுமே.

627-ஐ 3-ஆல் வகுத்தால் 209. இனி 209-ஐப் பிரிக்க வேண்டும். 15 பெருக்கல் 15 என்பது 225, அதனால் 14 வரை தேடினால் போதும். 2, 3, 5, 7 நான்கும் வகுக்காது. மிச்சம் 11-உம் 13-உம். இரண்டில் ஒன்று வகுக்கும். எது என்று கண்டுபிடியுங்கள், அப்புறம் 627-க்கு மொத்தம் எத்தனை காரணிகள் என்று எழுதுங்கள். 25-இன் வர்க்கம் 625, அதனால் 627 வர்க்க எண் இல்லை. உங்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் ஏதோ ஒரு காரணி விட்டுப்போயிருக்கிறது, திரும்பத் தேடுங்கள். நன்றி, வணக்கம்.