கல்லுக்கு ஒரு பலகை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அவர்களே, இந்தக் கூடத்தைத் தந்து உதவிய நூலகர் அம்மையார் அவர்களே, போர்த்திய பொன்னாடையைச் சரிசெய்துவிட்ட செயலாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பழைய கட்டடங்களுக்குக் கல்லின் விவரம் எழுதிய பலகை வேண்டும் என்று மனு போடுகிறோம். ஏன் என்று சொல்ல ஓர் ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். தெற்கு ஜெர்மனியில், பவேரியா மாநிலத்தின் மேற்கோரத்தில் இருக்கிற சிற்றூர் நோர்ட்லிங்கன். அதன் மண், மதில், போர் என்று மூன்றையும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே விண்கல் விழுந்து, சுமார் 24 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. பள்ளத்தில் ஏரி நின்றது, வண்டல் படிந்தது, பிறகு ஆறுகள் அரித்தன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா! இன்று அது விளைநிலம். எரிமலை வாய் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1960இல் அமெரிக்க நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர் அங்கே எடுத்த கல்லில், அவருடைய சக ஆய்வாளர் எட்வர்ட் சாவ் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டார். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் கோயசைட்டாக மாற வேண்டிய அழுத்தத்தை எரிமலை வெடிப்பு தராது. விண்கல் மோதல் தரும். வழக்கு முடிந்தது.

அந்தக் கல்லின் பெயர் சூவைட். சாம்பல் நிறம், நடுநடுவே கறுத்த கண்ணாடித் துணுக்குகள். ஊர் நடுவில் இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்தை, அதன் 90 மீட்டர் கோபுரத்தோடு, இந்தக் கல்லில்தான் கட்டினார்கள். உள்ளே நுண்வைரங்களும் உண்டு. யாரும் உளியோடு கிளம்பவேண்டாம், கண்ணுக்கே தெரியாத பொடி!

அடுத்து மதில். 2.7 கிலோமீட்டர், ஐந்து வாயில்கள். அறுபடாமல் முழுச் சுற்றும் மதில்மேலேயே நடந்து வரலாம். 1440இல் எதிரிப் பிரபுவிடம் காசு வாங்கிய காவலர்கள் இரவில் ஒரு வாயிலைத் தாழிடாமல் விட்டார்களாம். கணவனுக்கு பீர் வாங்கப் போன ஒரு பெண்மணி, பன்றியொன்று முதுகு சொறியக் கதவில் உரசுவதைப் பார்த்தாள். உரச உரசக் கதவு அசைந்தது! போட்டாள் ஒரு கூச்சல். ஊர் விழித்தது, எதிரி திரும்பினான், காவலர் தலை போயிற்று. எறும்பு ஊரக் கல் தேயும். பன்றி உரசக் கதவு திறக்கும்! இன்றும் இரவு பத்து மணிக்குமேல் கோபுரக் காவலர் மேலிருந்து குரல் கொடுக்கிறார். அந்த அழைப்புக்கு ஊரார் சொல்லும் காரணம் இந்தப் பன்றிதான்.

போரைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. தலைவர் மணியைப் பார்க்கிறார். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில், 1634 செப்டம்பரில் ஸ்வீடன் படை ஊருக்கு வெளியே தோற்றது. அவ்வளவு போதும்.

கோபுரத்துக்கு வருகிறேன். சூவைட்டில் களிமண் கனிமம் கலந்திருக்கிறது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேல்தோல் பொருக்குவிட்டு உதிரும். இப்படிப்பட்ட மென்கல்லில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சுக்குப் பக்கத்துக் கல்தான் முதலில் பொரியும். என்ன கல் என்று தெரியாமல் மராமத்து செய்வதால் வரும் வினை இது. அதனால்தான் கேட்கிறோம்: ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் கல்லின் பெயர், வெட்டிய இடம், கட்டிய ஆண்டு எழுதிய பலகை வேண்டும். சுவரில் துளையிடாதீர்கள், நீர் இறங்கும். தனிக்கால் நட்டு, கண்மட்டத்தில் வையுங்கள். மனு வாசல் மேசைமேல் இருக்கிறது. ஒரு கையெழுத்தில் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு என் பழமொழி தெரியும். போகும்போது போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.