ஏணிக்கு ஓர் ஏணி

நேயர்களுக்கு வணக்கம்.

அவருக்கும் இவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று பேச்சுவாக்கில் சொல்வோம். எங்கள் வீட்டில் ஏழு வருடம் ஏணியே எட்டவில்லை. கார் ஷெட்டில், கூரையோடு கூரையாக, இரண்டு கொக்கிகளில் படுத்துக் கிடந்தது. மாட்டியவன் நான்தான். மாட்டிய அன்று கீழே நின்று அண்ணாந்து பார்த்து, கொஞ்சம்கூட இடம் வீணாகவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கூரைக்கும் ஏணிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கும், அவ்வளவுதான். அந்த நான்கு விரல் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன். நெம்புகோல் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கடப்பாரை, பாக்குவெட்டி, கிணற்று ஏற்றம் என்று உதாரணம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. அத்தனை வருடமும் என் தலைக்கு மேலேயே ஒரு நெம்புகோல் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

முதலில், ஏணியை ஏன் மேலே மாட்ட வேண்டும்? மூலையில் சாய்த்து வைத்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சரியும். நிற்கிற ஏணியைக் கண்டால் குழந்தைகளின் கால் சும்மா இருக்காது. தரையில் நீளவாட்டில் போட்டால் இருட்டில் நாமே தடுக்கி விழுவோம். வீட்டுக்கு வெளியே சுவரோரம் கிடத்தினால் மழையும் வெயிலும் ஒரு பக்கம், திருடனுக்கு நாமே ஏணி எடுத்துக் கொடுத்தது போல் ஆவது இன்னொரு பக்கம். கார் ஷெட்டில் காருக்கு மேலே உள்ள இடமோ யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. ஆகவே மேலே மாட்டுவது நல்ல யோசனைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஷெட்டில் பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது. பல்பை மாற்ற ஏணி வேண்டும். ஏணியை இறக்க வெளிச்சம் வேண்டும். அதைவிட முக்கியமாக, ஏணியை இறக்க இன்னொரு ஏணி வேண்டும். முதலில் மாட்டியபோது பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி, அதில் ஏறித்தான் மாட்டினேன். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு தேவைப்படும்போதெல்லாம் நான் முக்காலி மேல் ஏறிக்கொள்வேன், என் மகன் ஒரு நாற்காலி மேல் ஏறிக்கொள்வான், ஆளுக்கொரு முனையைப் பிடித்து இறக்கிவிடுவோம். அன்றைக்கு மகன் ஊரில் இல்லை.

மனைவி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, காலையில வெளிச்சத்துல பாத்துக்கலாமே" என்றாள். "ரெண்டு நிமிஷ வேலை" என்றேன். உண்மையில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றரை நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

முக்காலி மேல் ஏறி முன்பக்கக் கொக்கியிலிருந்து ஏணியைத் தூக்கி விடுவித்தேன். பின்பக்கம் அதன் கொக்கியிலேயே இருக்கிறது. முன்முனையைக் கையில் பிடித்தபடி மெதுவாகக் கீழே இறங்கினேன். முன்பக்கம் தாழத் தாழப் பின்பக்கத்து வால் மேலே எழும்பும் அல்லவா? நான்கு விரல் எழும்பியதும் கூரையில் இடித்து நின்றுவிட்டது. அது இருட்டில் எனக்குத் தெரியவில்லை. ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, முன்முனையைப் பிடித்துக் கீழே ஓர் இழு இழுத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்கலாம். படம் எதுவும் வேண்டாம், மனதில் ஓர் ஏணியை வைத்துக்கொண்டால் போதும். ஏணி 10 அடி. பின்கொக்கி வால் நுனியிலிருந்து 2 அடி உள்ளே இருக்கிறது. என் கை கொக்கியிலிருந்து 8 அடி தள்ளி. எட்டுக்கு இரண்டு, அதாவது நான்கு மடங்கு. நான் 10 கிலோ அளவுக்கு இழுத்தால் வால் கூரையை 40 கிலோ அளவுக்கு முட்டும். நடுவில் மாட்டிக்கொண்ட கொக்கிக்கு இரண்டும் சேர்ந்து 50 கிலோ. ஏணியின் சொந்த எடை இதில் சேரவில்லை. கொக்கியைப் பிடுங்குவதற்கென்றே ஒரு கடப்பாரை செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமையாது.

'டொப்' என்று ஒரு சத்தம். சுண்ணாம்புத் தூள் முகத்தில் கொட்டியது. கொக்கி, அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பிளக், அதோடு ஒரு கைப்பிடி காரை, எல்லாம் சேர்ந்து வந்துவிட்டன. ஏணியின் பின்கால் நேராகப் போய்க் காரின் முன்கண்ணாடியில் இறங்கியது. காரின் முன்கண்ணாடி சில்லு சில்லாகச் சிதறாது, இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அதனால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டுக்கொண்டு அப்படியே நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. மனைவி ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை மட்டும் கூரையில் இருந்த ஓட்டையை நோக்கிப் பிடித்தபடி நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று முதல் யார் வீட்டுக்குப் போனாலும் கார் ஷெட்டில் நுழைந்து அண்ணாந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்ட ஒரே விஷயம் இதுதான்: நாமெல்லாம் ஏணியை மாட்டுவதற்காக மாட்டுகிறோம், இறக்குவதற்காக மாட்டுவதில்லை. மாட்டுகிற அன்றைக்குப் பகல், விடுமுறை, உதவிக்கு ஆள், கையில் இன்னொரு ஏணி, எல்லாம் இருக்கும். இறக்குகிற அன்றைக்கு இவற்றில் ஒன்றும் இருக்காது. ஆகவே, இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றபடி இறக்க முடிகிற ஏணிதான் சரியாக மாட்டிய ஏணி. முக்காலி வேண்டும் என்றால் அந்த இடம் தப்பு. திரும்பச் சொல்கிறேன், முக்காலி வேண்டும் என்றால் அந்த இடம் தப்பு.

உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? டேப்பே வேண்டாம். வீட்டில் ஏணியைக் கையாளப்போகும் பெரியவர்களில் உயரம் குறைந்தவர் யாரோ, அவரை ஷெட்டில் நிறுத்திக் கையை மேலே தூக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை ஏணியில் நன்றாகப் பதிய வேண்டும், விரல் நுனி பட்டால் போதாது. பிறகு வீட்டில் உயரமானவரை நிறுத்துங்கள், தலை இடிக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஏணி. அந்த உயரத்துக்கும் கூரைக்கும் நடுவே ஓர் அடி, இரண்டு அடி மிச்சம் இருக்கிறதா? இருக்கட்டும். கொக்கியைக் கூரையில் அறைவதற்குப் பதிலாக, கூரையிலிருந்து சங்கிலியோ இரும்புப் பட்டையோ இறக்கி அதில் மாட்டுங்கள். அந்த இடைவெளியை வீண் என்று நினைக்காதீர்கள். ஏணியின் வால் எழும்புவதற்கு விட்ட இடம் அது. நான் விடாமல் போன இடம்.

அடுத்து, எதில் மாட்டுகிறோம் என்பது. மரச் சட்டம் உள்ள கூரை என்றால் சட்டத்தின் நடுமையத்தில், திருகாணியைவிடச் சின்னதாக ஒரு துளை போட்டுக்கொண்டு பிறகு முறுக்க வேண்டும். துளை போடாமல் முறுக்கினால் மரம் பிளக்கும். அழகுக்குப் போட்ட ஜிப்சம் போர்டு எதையும் தாங்காது. அதற்கு மேலே என்ன இருக்கிறதோ அதைத்தான் தேட வேண்டும். தகரக் கூரை என்றால் தகரத்தைத் தொடாமல், அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் கிளாம்ப் போட வேண்டும். கான்கிரீட் என்றால் ஆங்கர் போல்ட். பூச்சைத் தாண்டி உள்ளே கான்கிரீட்டில் பிடிக்கிற அளவுக்கு அது நீளமாக இருக்க வேண்டும். என் பிளக் பிடித்திருந்தது வெறும் பூச்சை. சுவரில் படம் மாட்டுகிற பிளக்கைக் கூரையில் போடாதீர்கள். சுவரில் எடை பக்கவாட்டில் அழுத்தும், கூரையில் நேராகக் கீழே பிடுங்கும். இரண்டும் ஒன்றல்ல. அப்புறம், துளை போடும் முன் விளக்கிலிருந்து சுவிட்ச் பக்கமாகக் கூரைக்குள்ளே ஒயர் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொக்கி மாட்டியதும் நான் ஒரு சோதனை செய்வேன். அலுமினிய மடக்கு ஏணி, ஆறடி உயரம் என்றால் ஏழெட்டு கிலோ இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற நீள ஏணி 15 கிலோவைத் தாண்டிவிடும். ஒவ்வொரு கொக்கியிலும் இரண்டு பெரிய வாளித் தண்ணீரைக் கட்டி ஒரு ராத்திரி முழுக்கத் தொங்க விடுவேன். லிட்டருக்குக் கிலோ, கணக்கு சுலபம். காலையில் கொக்கி அசையாமல் இருந்தால் ஏணியை மாட்டலாம். காரை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொக்கிகளை எவ்வளவு தள்ளிப் போடுவது? பலர் ஏணியின் இரண்டு நுனியிலும் போடுகிறார்கள். நடுப்பகுதி தொய்கிறது. மர ஏணி இப்படியே பல மாதம் கிடந்தால் வில்லாக வளைந்துவிடும். இரு நுனியிலிருந்தும் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளிப் போடுங்கள். 10 அடி ஏணிக்கு 2 அடி. அப்படிச் செய்தால் ஏணியை நடுவில் வளைக்கிற விசை, நுனியில் தாங்கியபோது இருந்ததில் ஐந்தில் ஒன்றாகிவிடும். ஐந்துக்கு ஐந்து. மாணவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை, கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். மிக நீளமான ஏணி என்றால் நடுவில் இன்னொன்றும் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் திறந்த கொக்கி வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் திறந்த கொக்கி, மறுபக்கம் மூடிய வளையம் அல்லது அகலமான பெல்ட். முன்பக்கத்தைக் கொக்கியிலிருந்து எடுத்து இறக்கும்போது பின்பக்கம் வளையத்துக்குள்ளேயே இருக்கும், வழுக்கி விழாது. முன்கால் தரையில் ஊன்றிய பிறகு, நடந்து போய்ப் பின்பக்கத்தை உருவிக்கொள்ளலாம். ஒரே ஆள் போதும். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற ஏணி என்றால் இரண்டு பகுதியையும் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டே மாட்டுங்கள். கட்டாமல் சாய்த்தால் உள் ஏணி சர்ரென்று வழுக்கி உங்கள் நெஞ்சுக்கு நேரே வரும்.

காரின் பின்கதவு மேல்நோக்கித் திறக்கிற வகை என்றால், திறந்து வைத்து உயரம் பார்த்துவிட்டு இடத்தைத் தீர்மானியுங்கள். முன்பக்க பானெட்டுக்கு மேலே வருகிற மாதிரி மாட்டினால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஷெட்டின் கதவே மேலே போய்க் கூரையோரம் படுத்துக்கொள்கிற வகையாக இருந்தால், அது ஓடுகிற தண்டவாளத்தில் ஏணியை வைக்கவே கூடாது. வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்டவாளம் கதவுக்காகச் செய்தது. அந்தக் கதவின் ஸ்பிரிங் பக்கம் கையே கொண்டு போகாதீர்கள், முறுக்கேறிய நிலையில் அது எலும்பை உடைக்கும்.

இன்னொரு வியாதி உண்டு. மேலே படுத்திருக்கிற ஏணி கொஞ்ச நாளில் பரணாக மாறிவிடும். முதலில் ஒரு திரைச்சீலைக் கம்பி, அப்புறம் ஒட்டடைக் கம்பு, மிச்சமான பலகை, ஓர் அட்டைப்பெட்டி... ஏணி வேண்டும் என்கிற அன்று முதலில் ஒரு வீட்டையே காலி செய்ய வேண்டியிருக்கும். ஏணி மேல் எதையும்...

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். கப்பியும் கயிறும் வைத்து ஏணியை ஏற்றி இறக்குவதைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. போகட்டும், அவசரமாகச் சொல்கிறேன். கூரையில் நிலையாக மாட்டிய கப்பி இழுக்கும் திசையை மட்டும்தான் மாற்றும், எடையைக் குறைக்காது. ஏணியோடு சேர்ந்து ஏறி இறங்குகிற கப்பிதான் பாதியாக்கும், அதற்கு இரண்டு மடங்கு கயிறு இழுக்க வேண்டும். இரண்டு பக்கக் கயிறும் ஒன்றாகவே ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஏணி கோணிக்கொள்ளும். மேலே போனதும் கயிற்றை மட்டும் நம்பாமல் ஒரு பெல்ட்டையும் மாட்டிவிடுங்கள். ஃபைபர் கிளாஸ் ஏணி என்றால் வெயில் படாத பக்கம். மர ஏணிக்குப் பெயின்ட் வேண்டாம், விரிசல் விட்டால் தெரியாது. வார்னிஷ் போதும்.

ஒரு விரலைக் காட்டுகிறார்கள். அந்த பல்பா? மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஏணியை வாங்கித்தான் மாற்றினேன். நன்றி, வணக்கம்.